பறை, டாம் டாம், ரிப்போர்ட்



என்னிடம் படித்த பையன் ஒருவன் போன வாரம் ஃபோனில் கேட்டான்: "ஐயா, இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு நாட்டை 'பரையா ஸ்டேட்'னு போட்டிருக்காங்க. அது நம்ம ஊர்ப் பறையுங்களா?" ஆமாம், அதுவேதான். ஃபோனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆங்கிலச் சொல் ஒன்று. துப்பாக்கி வெடிக்கும் ஓசைக்கு அந்த மொழியில் 'ரிப்போர்ட்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நாம் கொடுக்கும் ரிப்போர்ட்டும் அதே சொல்தான். சேதியைக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது அதன் மூலப்பொருள். பெருஞ்சத்தமும் ஒரு சேதிதானே!

தமிழில் 'பறை' அப்படித்தான். பறைதல் என்றால் சொல்லுதல். பறை என்றால் தோற்கருவி. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் இன்றைக்கும் சொல்வதற்குப் 'பறயுக' என்பதே அன்றாடச் சொல். நம் பக்கம் அந்த வினை பேச்சில் மறைந்து, 'பறைசாற்று' என்று எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. கொங்கில் மாரியம்மன் நோம்பி சாட்டுகிறோமே, அந்தச் 'சாட்டு' இந்தச் 'சாற்று'க்கு உறவுதான் என்பது என் எண்ணம்.

பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு எந்த இழிவும் கிடையாது. நிலத்துக்குரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று இலக்கண நூல்கள் பெயரும் கொடுக்கின்றன. திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்கும் வரத்துக்கே 'பறை' என்றுதான் பெயர். இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்று வைணவ உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். மார்கழி முழுக்கக் கோயிலிலும் வீட்டிலும் அந்தச் சொல் ஒலிக்கிறது. அதே ஊரில் அதே சொல் வசவாகவும் இருந்தது. இதை யாரும் முரணாகக் கருதியதாகத் தெரியவில்லை!

சாவுக்கு அடிக்கவும் ஊருக்கு அறிவிக்கவும் ஒரு சாதியாரையே கட்டாயப்படுத்தியபோதுதான் சொல்லின் கதி மாறியது. கடலோரம் வந்திறங்கிய ஐரோப்பியர் காதில் விழுந்தது இந்த மாறிய பொருள். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, இந்தச் சொல் தமிழ்ப் 'பறை'யிலிருந்து வந்தது என்று சொல்கிறது. ஐரோப்பியர் நினைப்பதுபோல் இவர்கள் எல்லோருக்கும் கீழானவர்கள் அல்லர் என்றும் திருத்துகிறது. ஆனால் அகராதி பேச்சை யார் கேட்டார்கள்? தெருநாய்க்கு 'பரையா டாக்', நம் ஊர்ப் பருந்துக்கு 'பரையா கைட்'. ஜெர்மன் கவி கதே அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்து எழுதினார். யூதர்களைப் பற்றி எழுதும்போது மாக்ஸ் வெபர் அதையே கையாண்டார். கடைசியில் ஒதுக்கிவைக்கப்பட்ட எவருக்கும் அதுவே பெயர் என்றாகிவிட்டது. ஓசை போய்விட்டது, ஒதுக்கல் மட்டும் ஊர் சுற்றுகிறது.

இங்கே நம் ஊர் வருகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் படித்தது கோயம்புத்தூரில். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்றும், தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரோடும் நெருங்காமல் இருந்தார் என்றும் தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் விளையாடாமல் ஒதுங்கியே நிற்பது என்னவென்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அப்படி ஒளிந்து படித்த மனிதர்தான் 1893இல் சென்னையில் இதழ் தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். நான் இன்னார் என்று வெளிப்படையாக முன்வராமல் உரிமை கேட்க முடியாது என்பது அவர் வாதம்.

அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு நேர் எதிர். பிறர் சூட்டிய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தம் இதழைத் தொடங்கினார். ஒரே குடும்பத்தில் இரண்டு விடை. அரசு ஏற்றது இரண்டாவது வழியை ஒட்டியது: எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாணப் பதிவுகளில் அந்தப் பெயருக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று வந்தது. எனக்கு இரட்டைமலையாரின் துணிவுதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் தினமும் அந்த வசவை வாங்காத நான் தீர்ப்புச் சொல்வது சுலபம்.

இன்னொரு சத்தம் பாக்கி இருக்கிறது: 'டாம் டாம்'. அடிக்கும் ஓசையிலிருந்தே பிறந்த பெயர். முதலில் கருவி, பிறகு தாலுகா ஆபீஸ் மொழியில் அரசு அறிவிப்பு, அதாவது நம் தண்டோரா, இப்போது இந்திய ஆங்கிலத்தில் தன் பெருமையைத் தானே அடித்துக்கொள்வதும் 'டாம் டாமிங்'. அறிவித்தது சர்க்கார், பெருமையடிப்பது பெரிய மனிதர்கள். வெயிலில் தெருத்தெருவாக நடந்து கருவியை அடித்தவர் மட்டும் எந்த அர்த்தத்திலும் இல்லை.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்: இனி தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள், மீறினால் நடவடிக்கை எடுங்கள் என்று. கோவையில் இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விரும்பிப் பறை கற்கிறார்கள். அது வேறு, இது வேறு. கட்டாயத்துக்கு அடிப்பதைத்தான் அந்தக் கடிதம் நிறுத்தச் சொன்னது. ஆனால் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் கட்டளை, 54ஆம் விதியைப் புரட்டிப் பாருங்கள். சொத்து ஜப்தியை முரசறைந்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று இன்னும் இருக்கிறது.