இன்லேண்ட் லெட்டர் போன வழி

எண்பதுகளில், திருநெல்வேலிப் பக்கத்து ஊரொன்றில், எங்கள் தெருவுக்குக் கடிதம் எழுதித் தருபவன் நான்தான். ஆறாம் வகுப்பு. கூலி, ஒரு கருப்பட்டி மிட்டாய். அடுத்த வீட்டு ஆச்சியின் மகன் சென்னையில், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தார். மாதம் ஒருமுறை ஆச்சி நீல இன்லேண்ட் லெட்டரை நீட்டுவாள். கார்டு மலிவுதான். ஆனால் அதைத் தபால்காரர் படிப்பார், டீக்கடையும் படிக்கும். 1879-இல் கால் அணாவுக்கு வந்த நாளிலிருந்தே கார்டுக்கு அந்தக் குறை உண்டு. 1950 அக்டோபர் 2-ஆம் தேதி வந்த இன்லேண்டை மடித்து ஒட்டிவிடலாம். கவர் வாங்க முடியாதவர்களுக்கும் கொஞ்சம் மறைவு கிடைத்தது.

எழுதுகிறவனிடமிருந்து மறைக்க வழியில்லை என்பது வேறு விஷயம்.

"அந்த எடுபட்ட பய துட்டு அனுப்பாம அங்கன என்னத்தக் கிழிக்கான்னு கேளுல" என்பாள் ஆச்சி. நான் பிள்ளையார் சுழி போட்டு, 'அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம். நலமறிய ஆவல். பணம் அனுப்பினால் உதவியாக இருக்கும்' என்று எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லித் தந்தார்கள்! படித்துக் காட்டச் சொல்வாள். எழுதியதை விட்டுவிட்டு, அவள் சொன்னதையே வசவு பிசகாமல் ஒப்பிப்பேன். ஆச்சிக்கு ரொம்பத் திருப்தி. இடம் தீர்ந்தால் ஓரத்தில் தாளைத் திருப்பி, பசை ஒட்டும் மடிப்புவரை எழுதுவோம். பிரிப்பவர் அவசரப்பட்டால் ஒரு வரி கிழிந்து போகும்.

பிறகு அது கிளம்பும். வாத்தியார் வீட்டுத் திண்ணையே கிளைத் தபால் நிலையம், அவரே போஸ்ட்மாஸ்டர். ஸ்டாம்பின் மேல் முத்திரை 'டொக்' என்று விழும். பையைக் கட்டி அரக்கு வைத்து பஸ்ஸில் ஏற்றுவார்கள். அங்கிருந்து ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில் தபால் சேவை. ஓடுகிற ரயிலில், ஆட்டத்தோடு ஆட்டமாக, ராத்திரி முழுக்க நின்றுகொண்டே தபால் பிரிப்பவர்கள் இருந்தார்கள். ஊர்ப் பெயரைவிட ஆறு எண்கள் அவர்களுக்கு வசதி. 1972 சுதந்திர தினத்தன்று வந்த பின்கோடு. ஆச்சி மகனுக்கு 600 005. முதல் 6 தெற்கு, 600 என்றால் சென்னை, கடைசி மூன்று அந்தத் தபால் நிலையம். பழைய 'சென்னை-5' அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மேன்ஷனில் மேனேஜர் மேஜைமேல் கிடக்கும் குவியலில் போய்ச் சேரும்வரை எத்தனை கை மாறியதோ, அந்தக் கைகளில் ஒன்றுகூட ஆச்சியுடையது இல்லை.

கையெழுத்துக் கடிதம் போயிற்றே என்று நண்பர்கள் பெருமூச்சு விடும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். யாருடைய கையெழுத்து? இன்றைக்கு ஆச்சி இருந்திருந்தால் வாட்ஸப்பில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் வாயாலேயே ஏசியிருப்பாள். நடுவில் ஒரு பொடியன் புகுந்து மரியாதை பூசியிருக்க முடியாது. இன்லேண்ட் இன்னும் ரூ. 2.50-க்குக் கிடைக்கிறது. நானே வாங்கிப் பல வருஷம் ஆயிற்று.

ஆச்சி போய் வெகுகாலம் கழித்து அவள் மகன், அந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் வளைந்த கம்பி; அதில் குத்திய நீலத் தாள்கள், எல்லாம் நடுவில் ஓட்டையோடு. "அம்மா லெட்டரு. ஒண்ணையும் தூரப் போடல" என்றார். எடுத்துப் பார்த்தேன். முழுக்க என் கோழிக் கிறுக்கல்.

"நேர்ல ஒரு நாளும் இப்படிப் பேசினது கிடையாது தம்பி. லெட்டர்ல மட்டும் எப்படி இவ்வளவு பதமா…"

சொல்லிவிட்டேன். ஆச்சி சொன்னதை, அவள் ராகத்திலேயே, எடுபட்ட பயலில் தொடங்கி. அண்ணாச்சி முதலில் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.