போட்டோ கேட்ட இடத்தில் புரோகிராம் வந்தால்? வெப்சைட் சர்வரை காப்பது எப்படி?

வேலைக்கு விண்ணப்பிக்க, புகார் கொடுக்க என பல வெப்சைட்களில் போட்டோ, பிடிஎஃப் கேட்பார்கள். வரும் ஃபைலை சோதிக்காமல் சர்வர் அப்படியே வாங்கிக்கிட்டா சிக்கல்தான். போட்டோவுக்கு பதில் ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றி, அதை பிரவுசரில் திறந்தாலே போதும். மொத்த வெப்சைட்டும் ஹேக்கர் கைக்கு போய்விடும்.

2020 செப்டம்பரில் இதுதான் நடந்தது. 7 லட்சத்துக்கும் அதிகமான வேர்ட்பிரஸ் தளங்களில் இருந்த 'ஃபைல் மேனேஜர்' பிளகினில், லாகின் செய்யாமலேயே ஃபைல் ஏற்ற முடிந்தது. 6.9 வெர்ஷனில்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

தடுப்பது எப்படி?

* தேவையான ஃபைல் வகைகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். பிஎச்பியை மட்டும் தடுத்தால், பிஎச்டிஎம்எல் என்ற பெயரில் உள்ளே வரும்.

* இது போட்டோதான் என பிரவுசர் சொல்வதை நம்பக்கூடாது. அதை மாற்றி அனுப்புவது ரொம்ப ஈஸி. சர்வரே ஃபைலின் உள்ளடக்கத்தை சோதித்து, புதுப் பெயர் வைக்க வேண்டும்.

* சைஸுக்கு வரம்பு வேண்டும்.

* முக்கியமாக, அப்லோடு ஃபோல்டரில் எந்த புரோகிராமும் இயங்காதபடி முடக்க வேண்டும். சோதனையில் தப்பி ஒரு ஃபைல் உள்ளே வந்தாலும், அங்கே அது சும்மாதான் கிடக்கும்.