மூன்று மூட்டுகளும் ஒரு மரக்கட்டையும்

தட்டைப்பாதம் எண்டால் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நேரெதிரானது குழிபாதம். உள்ளங்கால் வில்லுப்போல வளைந்து மேலெழும்பி நிற்கும். குதிக்கால் உள்பக்கம் சாயும், விரல்கள் கொக்கிமாதிரி மடங்கும், கணுக்கால் அடிக்கடி பிரளும். சப்பாத்தின் வெளிவிளிம்பு மட்டும் தேயும். இந்தப் பாதத்தைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்த முயன்றவர்களின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீளுது. அதில் கனகாலம் வைத்தியர்களின் கண் எலும்பிலேயே இருந்தது.

இத்தனைக்கும் காரணம் எலும்பில் இல்லையெண்டது முன்னமே தெரிந்த சங்கதி. 1886இல் பாரிசில் சார்க்கோவும் பியர் மாரியும், இங்கிலாந்தில் ஹவார்ட் டூத்தும் ஒரே நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். இன்று அதுக்குப் பெயர் சார்க்கோ-மாரி-டூத் நோய். (கடைசிப் பெயரைப் பார்த்துப் பல்வருத்தம் எண்டு நினைக்கவேண்டாம்.) பரம்பரையாக வரும் நரம்பு நோய் இது, குழிபாதத்துக்கு முக்கிய காரணங்களில் ஒன்று. கால் தசைகள் மெல்லமெல்லச் சோரும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் சோராது. பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் தசை தளர, உள்பக்கம் இழுப்பது பலமாகவே இருக்கும். பெருவிரலின் அடியெலும்பைக் கீழே அழுத்துகிற தசையும் அப்படித்தான், அதை எதிர்த்துத் தூக்கவேண்டிய தசையோ களைத்துப்போகும். கயிறிழுத்தலில் ஒரு பக்கத்து ஆக்கள் கைவிட்ட கதைதான்.

முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1916இல், லிவர்பூல் வைத்தியர் ரொபர்ட் ஜோன்ஸ் படைவீரரின் பாதங்களைப் பற்றி எழுதினார். பெருவிரலைத் தூக்கும் தசைநாணை எடுத்து அதன் அடியெலும்பில் கட்டுகிற முறை இன்றும் அவர் பெயரில் இருக்கு. 1920இல் ஆதர் ஸ்டைன்ட்லர் உள்ளங்காலின் இறுகிய சவ்வைக் குதிக்கால் எலும்பிலிருந்து உரித்துவிடும் முறையை வெளியிட்டார். ஆனால் கோலோச்சியது வேறொன்று: 1923இல் எட்வின் ரயர்சன் விவரித்த மூன்று மூட்டு இணைப்பு. கணுக்காலுக்குக் கீழே உள்ள மூன்று மூட்டுகளைச் சீவி, நேராக்கி, ஒரே எலும்பாக ஒட்டவைப்பது. போலியோ பரவிய காலம் அது. செயலிழந்த தசைகளால் ஆடிக்கொண்டிருந்த பாதங்களை உறுதியாக்க இது நல்லாவே உதவியது. அதே வைத்தியம் குழிபாதத்துக்கும் வந்தது. ஒட்டினால் பாதம் நேராயிடும், பார்க்க வடிவாயும் இருக்கும்.

எத்தனை வருசத்துக்கு? 1989இல் வெட்மோர், ட்ரெனன் என்ற இருவர், சார்க்கோ-மாரி-டூத் நோயால் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சராசரியாக 21 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்து எழுதினார்கள். 30 பாதங்களில் ஏறக்குறைய பாதியின் நிலை மோசம். அசையாத மூட்டின் வேலையைப் பக்கத்து மூட்டுகள் சுமந்து தேய்ந்திருந்தன. தசைகளின் இழுபறியும் நிற்கவில்லை, சாய்வு திரும்ப வந்திருந்தது. சிகிச்சை முடிந்த வருசத்திலேயே கணக்கை மூடியிருந்தால் இது ஒண்டும் தெரியவந்திருக்காது. வரலாறு படிக்கிற எனக்கு இந்த ஆய்வு பிடிக்கிறது அதனால்தான்.

மாற்று வழி இதுக்கு முன்னமே திறந்திருந்தது. 1959இல் லிவர்பூலின் பிரெடெரிக் டுவையர், மூட்டைத் தொடாமல் குதிக்கால் எலும்பின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சாய்வை நிமிர்த்தினார். அதைவிட எனக்கு வியப்பு 1977இல் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த ஷேர்மன் கோல்மன் தன் சகாவோடு வெளியிட்ட சோதனை. தேவையான கருவி ஒரு சின்ன மரக்கட்டை. குதிக்காலும் பாதத்தின் வெளிவிளிம்பும் கட்டைமேல் இருக்க, பெருவிரல் பக்கத்தைக் கீழே தொங்கவிட்டு நிற்கச் சொல்வார்கள். குதிக்கால் தானாக நிமிர்ந்தால் அது இன்னும் இளக்கம்தான். அதைச் சாய்த்தது முன்பாதம் எண்டு அர்த்தம். பிறகேன் பின்பாதத்து மூட்டுகளை ஒட்டவேண்டும்?

இன்று வளர்ந்தவர்களுக்கும் சிகிச்சை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குது. பாதம் இளக்கமாக இருந்தால் சவ்வைத் தளர்த்தி, பெருவிரலின் அடியெலும்பை வெட்டி உயர்த்தி, தேவையெண்டால் குதிக்கால் எலும்பையும் வெட்டி நகர்த்துவார்கள். கூடவே உள்பக்கம் இழுக்கும் தசைநாணைப் பாதத்தின் மேற்பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவார்கள், சாய்த்த தசையே தூக்குகிற தசையாகும். மூட்டு இறுகித் தேய்ந்துபோனவர்களுக்கு ரயர்சனின் முறைதான் இன்னும் கைகொடுக்குது. நரம்பு நோயை இவை எதுவும் நிறுத்தாது. அதன் மிகப் பரவலான வகைக்கு 17ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இரட்டிப்பாவதே காரணம் எண்டு 1991இல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் இடம்மாற்றிக் கட்டிய தசையும் ஒருநாள் சோரலாம் எண்ட கணக்கோடுதான் இன்றைக்கும் கத்தியை எடுக்கிறார்கள்.