மக்குன்னு சொன்னது யாரு?

பேகம்பூர் பக்கம் தோல்ஷாப்பு வேலைக்குப் போற சனங்க தெரு எங்களது. ஆறு வயசாகியும் பேச்சு வராத பிள்ளைய வாத்தியார் 'மக்கு' என்பார். 'சேரிப் புள்ளைக்கு இம்புட்டுத்தான் வரும்' என்பார். சோதிச்சுப் பாக்கணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

சோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான் 1905இல் பாரிசில் பினேயும் சிமோனும் அதை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் காடர்ட் கையில் அது மனுசரைத் தரம்பிரிக்கும் அளவுகோலாச்சு. இங்கே வி.வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்ப அதை மாற்றி 1940இல் நூலாக்கினார். பினே-காமத் சோதனை அப்படித்தான் நாடெங்கும் பரவியது. அதன் கேள்விகள் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கமானவை என்பதை யார் கேட்டது?

கலிபோர்னியாவில் கறுப்பினப் பெற்றோர் கேட்டார்கள். மதிப்பெண்ணைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை மந்தபுத்தி வகுப்பில் தள்ளுவதை எதிர்த்து வழக்காடினார்கள். 1979இல் நீதிபதி பெக்காம் அதைத் தடுத்தார். அங்கே சோதிச்சு ஒதுக்கினான், இங்கே சோதிக்காமலே.

அதனால் சோதனையே வேண்டாம்னு நாம சொல்ல முடியாது. பேச்சு வராததுக்குக் காது கேளாமையும் காரணமாயிருக்கும், ஆட்டிசமும் காரணமாயிருக்கும். 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேரே இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016 சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரணும், சந்தேகம்னா மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பணும் என்பது 2013இல் தொடங்கிய திட்டம்.

ஒருநாள் கூலிய விட்டுட்டு எங்க தெரு அம்மா ஒருத்தி அங்கன்வாடி வாசல்ல நின்னு கேட்டா: "டாக்டருங்க என்னைக்கு வர்றாக? தேதியச் சொல்லு தாயி, எழுதிக்கிறேன்."