உருகாமல் இணைதல்: வேற்று உலோகப் பற்றவைப்பின் வரலாறு

1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து கப்பலைக் காப்பதே அதன் நோக்கம். செம்பு தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆயினும், ஈராண்டுகளுக்குப் பின் கப்பலை ஆய்ந்தபோது, தகடுகளைத் தாங்கிய இரும்பாணிகள் பல அரித்துப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த ஆணித் தலைகளின் அடியில் தங்கி, செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் தடுத்திருந்தது.

வேற்று உலோகங்களை இணைத்த வரலாற்றை நாம் இந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால், அவற்றினிடையே மின்னோட்டம் பிறந்து, ஒன்று மற்றொன்றுக்காகக் கரைகிறது. எனவே, இணைத்தாலும் இடைவெளி விட்டே இணைக்க வேண்டும் என்பது பொறியாளர் கற்ற முதற்பாடமாயிற்று. 1886ஆம் ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தில் நிறுவப்பட்ட சுதந்திரதேவி சிலையின் மேற்பரப்பு செம்பு, உட்சட்டம் இரும்பு. இரண்டையும் பிரித்துவைக்க இடையே காப்புப் பொருள் வைத்தனர். காலப்போக்கில் அக்காப்பு சிதைந்தது, இரும்பு துருவேறியது. 1986ஆம் ஆண்டில் நிறைவுற்ற சீரமைப்பில், செப்பு மேற்பரப்பைத் தாங்கிய இரும்புப் பட்டைகளுக்கு மாற்றாகத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பொருத்த நேர்ந்தது.

மின்வில் பற்றவைப்பு பரவிய பின்னர், ஆணியும் மறையும் இன்றி உலோகங்களை உருக்கி ஒன்றாக்க முடிந்தது. ஆனால், இரும்பும் அலுமினியமும் அதற்கு எளிதில் இணங்கவில்லை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை வேண்டும். இரண்டையும் உருக்கிக் கலந்தால், இடையில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த புதிய சேர்மங்கள் தடித்த படலமாக வளரும். அவை கடினமானவை, ஆனால், கண்ணாடியைப் போல் நொறுங்குபவை. இரண்டு வலிய உலோகங்களைச் சேர்த்து, இரண்டிலும் இல்லாத வலுவின்மையை நாமே உண்டாக்கியதாக அது முடிந்தது.

இச்சிக்கலுக்கு வழிகாட்டிய முறை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. 1991ஆம் ஆண்டு டிசம்பரில், வெய்ன் தாமசும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த ஒரு முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அகன்ற தோளும் அதன் அடியில் சிறு முனையும் கொண்ட ஒரு கடினக் கருவி, சுழன்றவாறே இரு தகடுகளின் இணைப்புக் கோட்டில் அழுத்தப்படுகிறது. உராய்வின் வெப்பத்தால் உலோகம் இளகுகிறது, ஆனால் உருகுவதில்லை. பிசைந்த மாவைப்போல் அது முனையைச் சுற்றி நகர்ந்து, கருவி கடந்த பின் இறுகி ஒன்றாகிறது. உராய்வினால் பற்றவைப்பது அதற்கு முன்பே அறியப்பட்டதுதான். எனினும், அதில் இணைக்கும் பொருளே சுழல வேண்டியிருந்ததால், அது பெரும்பாலும் உருளை வடிவத் துண்டுகளுக்கே பயன்பட்டது. நீண்ட தகடுகளுக்கும் வழி திறந்தது புதிய முறையே.

முதலில் அது அலுமினியத்தோடு அலுமினியத்தை இணைக்கவே பயன்பட்டது. கப்பல் தளப் பலகைகளிலும் விண்ணூர்திகளின் எரிபொருள் கலன்களிலும் அது இடம்பெற்றது. பின்னரே ஆய்வாளர் வேற்று உலோகங்களின்பால் திரும்பினர். அங்கே அவர்கள் கண்ட நுணுக்கம், இரண்டையும் சரிபாதியாகக் கலக்காமல் இருப்பதே. அலுமினியத்தையும் எஃகையும் இணைக்கும்போது முனையை அலுமினியத்தின் பக்கமாகவே ஓட்டி, எஃகின் ஓரத்தை இலேசாக உரசச் செய்தனர். அவ்வுரசலில் எஃகின் மேலுள்ள ஆக்சைடு படலம் நீங்கிப் புதிய பரப்பு வெளிப்படும். வெப்பம் குறைவாதலால் நொறுங்கும் சேர்மப் படலமும் மிக மெல்லியதாகவே நின்றுவிடும். அப்படலம் சற்றும் இல்லையேல் பிணைப்பு இல்லை. தடித்துவிட்டால் பிணைப்பு நிலைப்பதில்லை.

2005ஆம் ஆண்டில் மஸ்டா நிறுவனம், தன் மகிழுந்து ஒன்றின் அலுமினியப் பின்மூடியில் எஃகுப் பகுதியை உராய்வினால் புள்ளி புள்ளியாக இணைத்தது. அரிப்பைத் தடுக்க அவ்வெஃகின்மீது துத்தநாகம் பூசப்பட்டிருந்தது. அலார்ம் கப்பலின் பழுப்புத் தாள் தற்செயலாகச் செய்த காவலை, இங்கே பூச்சு திட்டமிட்டுச் செய்தது. 2012ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் ஒருபடி மேலே சென்று, எஃகையும் அலுமினியத்தையும் தொடர்கோடாக இணைத்த துணைச்சட்டத்தை அக்கார்ட் மகிழுந்தில் பொருத்தியது. எஃகுச் சட்டத்தைவிட எடை 25 விழுக்காடும், பற்றவைக்கும் மின்சாரம் ஏறத்தாழ 50 விழுக்காடும் குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. தகடுகளை வலுவாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். கருவியை எடுத்த இடத்தில் ஒரு துளை எஞ்சும். எஃகை மிகுதியாக உரசினால் முனை விரைவில் தேயும். உப்புநீரின் அரிப்பு இன்றும் தொடர்வதால், இணைப்பைப் பூச்சிட்டுக் காக்கவும் வேண்டும்.

மொழி ஆர்வலராகிய நாம் இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்றுண்டு. இதனை ‘உருக்கி ஒட்டல்’ என்று தமிழாக்கினால், இம்முறையின் உயிர்நாடியையே மறுத்தவராவோம். இதில் எதுவும் உருகுவதில்லை. ‘பற்றவைப்பு’ என்னும் சொல்லோ உருகுதலைச் சொல்லவில்லை; ஒன்றை ஒன்று பற்றுமாறு செய்தலையே சொல்கிறது. நகைத் துண்டுகளை உருக்காமல் இடையிட்டு இணைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பெயர் வைத்த பொற்கொல்லர் மரபும் அதே வேரிலிருந்து வந்தது. ஆகவே, ‘உராய்வுக் கலக்குப் பற்றவைப்பு’ என நாம் இதனை வழங்கலாம். மாணவர் ஒருவர் அப்பெயரைக் கேட்ட அளவிலேயே, உராய்வதும் கலக்குவதும் பற்றுவதும் அங்கு நிகழ்கின்றன என்றும், உருகுதல் நிகழவில்லை என்றும் உணர்ந்துகொள்வார்.