காவற்கூலியிலிருந்து காவல்துறை நண்பர்கள் வரை

மதுரைக்காஞ்சியைப் பாடம் நடத்தும்போது நாம் சற்று நின்று செல்லும் இடம் ஒன்றுண்டு. நள்ளிரவு. மெல்லிய நூலேணியை இடையில் சுற்றிக்கொண்டு கள்வர் இருளில் பதுங்கியிருக்கின்றனர். மழை பெய்தாலும் சோராமல் அவர்களைத் தேடித் திரிகின்றனர் ஊர்காப்பாளர். களவின் நுட்பம் அறிந்தோரே புகழும் திறமுடையவர்கள் இக்காவலர் என்கிறார் மாங்குடி மருதனார். ஊரைக் காப்பது ஊரைச் சேர்ந்தவனின் தொழில் என்ற எண்ணம் தமிழில் அவ்வளவு பழையது. 'சமூகக் காவல்' என்று இன்று புதுப்பெயரிட்டு அழைப்பதன் வேரும் இங்கேதான் இருக்கிறது. ஆனால், காப்பவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன.

சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் செலுத்தியது. பிற்காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் காவல் ஒரு பரம்பரை உரிமையாகவே நிலைபெற்றது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரின் வழியைக் காப்பது சேதுபதிகளின் கடமையாயிருந்தது. சிற்றூர்களில் காவற்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு காவற்கூலியாகக் கிடைத்தது. களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிட்டால் ஈடு தரவேண்டும். இந்த இரண்டாவது விதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காவலில் தவறினால் நட்டம் காவற்காரனுக்கு. இன்றைய எந்தக் காவல் நிலையமும் அப்படியொரு பொறுப்பை ஏற்பதில்லை.

அதற்காக அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிவிடவும் முடியாது. காவல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊராருக்கு இல்லை. கூலி நின்றால் மாடுகள் காணாமற் போயின. போன மாட்டின் இருப்பிடத்தை அறியத் 'துப்புக்கூலி' தரவேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

1801ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாளையக்காரர்களின் காவல் உரிமைகளைக் கம்பெனி அரசு பறித்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. சீருடை அணிந்த காவலர் மேலதிகாரிக்கும், அவர் வழியே அரசுக்கும் பதில் சொல்பவரானார். ஊர் அந்தச் சங்கிலியில் இடம்பெறவில்லை. ஆனால் சிற்றூர்களில் பழைய காவல் மறையவுமில்லை. 1896ஐ ஒட்டித் திண்டுக்கல் பகுதியில் அதற்கெதிராக எழுந்ததே 'பண்டுக் கலகம்'. உழவர்கள் பொது நிதி திரட்டினர், காவற்காரரை விலக்கினர், மாடு களவு போனவருக்கு அந்நிதியிலிருந்து ஈடு தந்தனர். மக்கள் தாமே அமைத்துக்கொண்ட குற்றத்தடுப்புத் திட்டம் என்று இதனைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதே இயக்கம் ஊர் ஊராகக் கள்ளர் குடும்பங்களைத் துரத்தும் வன்முறையாகவும் மாறியது. குற்றத்தைத் தடுக்கப் புறப்பட்டவர்கள் ஒரு சாதியையே குற்றமாகக் கண்டார்கள். பின்னர் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர்மீது ஏவி, அரசும் அதையே செய்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

இந்தப் பின்னணியோடுதான் 1993ஐப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு இராமநாதபுரத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் வி. பிலிப், 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற காவல்துறை நண்பர்கள் திட்டத்தைத் தொடங்கினார். சேதுபதிகளின் தலைநகராயிருந்த சிறு நகரிலிருந்தே ஊர்க்காவல் மீண்டும் ஒருமுறை புறப்பட்டது தற்செயலாயிருக்கலாம். ஊதியமின்றி, கைது செய்யும் அதிகாரமுமின்றி, இளைஞர்கள் இரவு ரோந்திலும் திருவிழாக் கூட்டத்திலும் காவலருக்குத் துணை நின்றனர். காவல் நிலையப் படியேற அஞ்சிய எளியவர்களுக்கு அறிந்த முகம் ஒன்று உள்ளே இருந்தது பெரிய ஆறுதல். திட்டம் மாநிலமெங்கும் பரவியது.

2020 ஜூனில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கைதான வணிகரான தந்தையும் அவர் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். 'நண்பர்கள்' சிலரும் தாக்குதலில் பங்கேற்றனர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பினர் அதனை மறுத்தனர். மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் காவல்துறையினரே. ஆயினும் அந்த ஜூலையிலேயே தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது.

தடையால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பழைய காவற்காரன் ஊருக்கு ஈடு தரக் கடமைப்பட்டவன். ஆனால் ஊரால் அவனை விலக்க முடியவில்லை. பண்டுக்காரர்கள் அவனை விலக்கிக் காட்டினர். ஆனால் அவர்களைக் கட்டுப்படுத்த யாருமில்லை. 1993இன் நண்பர், பெயரிலேயே காவல்துறைக்கு நண்பர். அவர் ஊருக்கு எப்படிப் பதில் சொல்வார் என்பதை யாரும் வரையறுக்கவில்லை. இனியொரு திட்டம் வருமானால், ரோந்துக்கு ஆள் சேர்க்கும் முன்பே இதற்கு விடை எழுதப்பட வேண்டும். இரவில் தெருவைக் காக்கும் கண்கள் காவல் நிலையத்தின் உள்ளறையையும் பார்க்க உரிமை பெற்றிருந்தால்தான் அதனைச் சமூகக் காவல் என்று நாம் அழைக்க முடியும்.