ஆட்டின் தாகத்துக்குக் கணக்கு உண்டு

ஓர் ஆடு குளிர்காலத்தில் குடிக்கும் தண்ணீருக்கு என்ன செலவு? அற்பமான கேள்வியாகத் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 68.8 கோடி டாலர் செலவழித்தார்கள். அந்தக் கணக்கை நாம் ஒருமுறை பிரித்துப் படிக்க வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் விம்மெரா, மாலி என்று இரண்டு வறண்ட பகுதிகள் உள்ளன. கோதுமையும் செம்மறி ஆடும்தான் அங்கே பிழைப்பு. தெற்கே கிராம்பியன்ஸ் மலையடிவார நீர்த்தேக்கங்களிலிருந்து மண் வாய்க்கால் வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் குளிர்காலத்தில் தண்ணீர் விட்டார்கள். ஆயிரக்கணக்கான பண்ணைக் குட்டைகள் அதில்தான் நிரம்பின. அடுத்த குளிர்காலம் வரை ஆட்டுக்கும் வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். அந்த வாய்க்கால்களின் மொத்த நீளம் சுமார் 17,500 கிலோமீட்டர்.

சிக்கல் என்னவென்றால், திறந்துவிட்ட தண்ணீரில் ஏறத்தாழ 85 சதவீதம் மண்ணில் ஊறியும் வெயிலில் ஆவியாகியும் போனது. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆடு நாளுக்கு 4 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், 1,000 ஆடுகளுக்கு 4,000 லிட்டர் போதும். அது கடைமடைக்கு வந்து சேர, மேலே சுமார் 26,700 லிட்டர் திறக்க வேண்டும்.

அதனால் 2006இல் தொடங்கி 2010க்குள் வாய்க்கால்களுக்குப் பதிலாகக் குழாய் பதித்தார்கள். கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர். ஆண்டுக்கு மிச்சமாகும் தண்ணீர் 10,300 கோடி லிட்டர் என்று மதிப்பிட்டார்கள். செலவை இதால் வகுத்தால், ஆண்டுதோறும் 1,000 லிட்டரை மிச்சப்படுத்த ஒரே தடவை போட்ட முதலீடு ஏறக்குறைய 6.7 டாலர். பண்ணைக்குள் தொட்டி, சிறு குழாய், மாடு ஆடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் விவசாயியின் தனிச் செலவு. மறுபக்கம், தூர்வாரும் செலவு போனது. மிச்சமான தண்ணீரில் பெரும்பங்கு ஆறுகளுக்குத் திரும்பியது. நல்ல திட்டம்தான். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

நம் கேள்வி வேறு. மிச்சம் பிடிக்கப்பட்ட அந்தத் தண்ணீர் முதலில் யாருடையது?

விம்மெரா ஆற்றுக்குப் பழைய பெயர் பாரெங்கி காட்ஜின். வொட்ஜோபாலுக் உள்ளிட்ட பூர்வகுடி மக்களின் ஆறு அது. 1840களில் ஆட்டு மந்தைகளோடு வெள்ளையர் வந்து நீர்நிலைகளைப் பிடித்தார்கள். 1859இல் ஆற்றங்கரையில் எபனேசர் என்ற கிறித்தவ மிஷன் குடியிருப்பு உருவானது. நிலம் இழந்தவர்கள் அங்கே ஒதுங்கினார்கள்.

1886ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு விக்டோரியா இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று பாசனச் சட்டம். ஆற்று நீரைப் பயன்படுத்தும் உரிமை அரசுக்கே என்றது. மற்றொன்று பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம். கலப்பு வம்சாவளி என்று முத்திரை குத்தி, 34 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றியது. ஒரு சட்டம் தண்ணீரை எடுத்துக்கொண்டது, மற்றது ஆட்களைக் கலைத்தது. ஆட்கள் குறைந்துபோன எபனேசர் 1904இல் மூடப்பட்டது.

1901இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசமைப்பின் 127ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது. ஆடுகளின் எண்ணிக்கையோ அரசுப் புள்ளிவிவரங்களில் முறையாக அச்சாகிக்கொண்டிருந்தது. 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்த பிறகே அந்தப் பிரிவு நீங்கியது.

இதைப் படிக்கும்போது நமக்கு மகாத் நினைவுக்கு வராமல் இருக்காது. சவுதார் குளத்தில் கால்நடை குடிக்கலாம், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்து சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சாதியும் காலனியமும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் மிருகத்தின் தாகத்துக்கு இடம் உண்டு, மனிதரின் தாகத்துக்கு இல்லை என்ற அந்தப் பதிவேட்டு முறை நமக்குப் பழக்கமானதுதான்.

2005 டிசம்பர் 13 அன்று, பத்தாண்டு வழக்குக்குப் பிறகு, ஆற்றங்கரையின் ஒரு பகுதியில் அம்மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் அதுவே முதல் முறை. வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், சேகரிக்கலாம், தங்கலாம். ஆனால் சொந்தத் தேவைக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல. அடுத்த ஆண்டே குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். ஆட்டின் தாகத்தை லிட்டர் கணக்கில் எழுத முடிந்தது. ஆற்றின் சொந்தக்காரர்களுக்கு மீன்பிடிக்க அனுமதி என்று எழுதினால் போதும் என்றானது.

இளம் தோழர்களே, நாளை உங்கள் ஊரில் ஏரி மேம்பாடு, கால்வாய் சீரமைப்பு என்று ஒரு திட்ட அறிக்கை வரும். தொகையைப் பார்க்கும் முன் பத்திகளைப் பாருங்கள். பம்புக்கு ஒரு பத்தி இருக்கும், குழாய்க்கு ஒரு பத்தி இருக்கும், மாட்டுத் தொட்டிக்கும் இருக்கும். சேரிக்கு எத்தனை லிட்டர் என்ற பத்தி இருக்கிறதா? இல்லையென்றால், அங்கிருந்து கேட்கத் தொடங்குங்கள்.